எலி விழுந்த வீடு

தெள்ளு பரப்பும் நோயில் மனிதர் கடைசியாகத்தான் படுக்கிறார். அவருக்கு முன்னே தெள்ளு, தெள்ளுக்கு முன்னே எலி, எலிக்கும் முன்னே அதை வீட்டுக்குள் அழைத்து வந்த அரிசி மூட்டையோ மாச் சாக்கோ குப்பைமேடோ இருக்கும். குடியிருப்பொன்றில் இத்தகைய காய்ச்சல் பரவினால் அதன் மூலத்தைத் தேடுகிறவர் இந்த வரிசையில் பின்னோக்கி நடக்க வேண்டும். நோயாளியின் வீட்டுக்கு மட்டும் மருந்தடித்துவிட்டுத் திரும்பினால், அடுத்த கிழமை மூன்றாம் வீட்டில் இன்னொருவர் படுப்பார்.

திருகோணமலையின் உட்துறைமுகத்தை ஒட்டிய சீனன்குடாவில் இந்த வரிசைக்கு வேண்டியதெல்லாம் அருகருகே இருக்கிறது. கப்பலில் கோதுமை வந்து இறங்குகிறது. மா ஆலை, சீமெந்துத் தொழிற்சாலை, விமானப்படைத் தளம், புகையிரத நிலையம், இரண்டாம் உலகப் போருக்கு முன் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள், இவற்றுக்கிடையே ஊழியர் விடுதிகள், மீனவர் வீடுகள், பற்றை மண்டிய வெறும் வளவுகள். சற்றுத் தள்ளித் தம்பலகாமத்து வயல்வெளி. கூரைக்கும் தென்னைக்கும் ஏறித் திரியும் கறுப்பெலிக்கும், வடிகானோரம் வளை தோண்டும் பழுப்பெலிக்கும், வேலியடியில் மண் கிளறும் பெருச்சாளிக்கும் இங்கே இடம் உண்டு. இதை எவருடைய குற்றமாகவும் சொல்ல முடியாது. தானியம் தங்கும் இடத்தில் எலி தங்கும். உலகின் எல்லாத் துறைமுகங்களிலும் அப்படித்தான். அதனாலேயே துறைமுகத்துக்கு அருகில் குடியிருப்பவர்களும் அவர்களுடைய சுகாதாரப் பணியாளர்களும் தெள்ளைப் பற்றி மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

தெள்ளு மனிதருக்குக் கொண்டுவரும் நோய்களில் இரண்டு முக்கியமானவை. முதலாவது பிளேக். அதன் கிருமியை 1894 இல் ஹொங்கொங்கில் அலெக்சாந்தர் யெர்சின் கண்டுபிடித்தார். எலிக்கும் மனிதருக்கும் நடுவில் தெள்ளு நிற்கிறது என்பதை 1898 இல் கராச்சியில் போல் லூயி சிமோன் சோதனை செய்து காட்டினார். கிருமி தெள்ளின் வயிற்றுக்குள் பெருகி, இரைப்பை வாசலில் கட்டியாகி வழியை அடைத்துவிடும். 1914 இல் பேக்கட், மார்ட்டின் என்ற இரு ஆய்வாளர்கள் விளக்கிய நுட்பம் இது. அடைபட்ட தெள்ளு எவ்வளவு இரத்தம் குடித்தாலும் பசி தீராது. திரும்பத் திரும்பக் கடிக்கும். உறிஞ்சிய இரத்தம் அடைப்பில் மோதிக் கிருமியோடு கடிவாய்க்குள் திரும்பும். பிளேக் எலியையும் கொல்கிறது. எலி செத்து உடல் குளிர்ந்ததும் தெள்ளுகள் இறங்கிச் சூடான இன்னோர் உடலைத் தேடும். பாய் விரித்து நிலத்தில் படுத்திருப்பவரின் கால்தான் அவற்றுக்குக் கிட்ட இருக்கும்.

இரண்டாவது எலி டைபஸ். இதன் கிருமி ரிக்கெட்சியா வகையைச் சேர்ந்தது. இது எலியைக் கொல்வதில்லை, தெள்ளையும் கொல்வதில்லை. அதனால் ஊருக்குச் சத்தமில்லாமல் நெடுநாள் குடியிருக்கும். கிருமி தெள்ளின் எச்சத்தில் இருக்கிறது. கடித்த இடத்தைச் சொறியும்போது தோலில் கிடக்கும் எச்சம் கீறலுக்குள் தேய்ந்து இறங்குகிறது. ஒன்று முதல் இரண்டு கிழமைக்குள் காய்ச்சல், கடும் தலையிடி, உடல் உளைவு. பலருக்கு வயிற்றிலும் நெஞ்சிலும் மெல்லிய சிவப்புப் புள்ளிகள். யாழ்ப்பாணத்தில் உண்ணிக்காய்ச்சல் என்று பேசப்படும் நோய் வேறு. அதைச் சிற்றுண்ணிகள் பரப்புகின்றன. கடித்த இடத்தில் சுருட்டால் சுட்டதுபோலக் கருகிய பொருக்கு ஒன்று பெரும்பாலும் இருக்கும். எலி டைபஸில் அந்தப் பொருக்கு இராது. வைத்தியர் நோயாளியின் அக்குளையும் இடுப்பு மடிப்பையும் தேடிப் பார்ப்பது இந்த வேறுபாட்டுக்காகத்தான்.

இலங்கைத் தமிழருக்குத் தெரிந்திருக்க வேண்டிய, ஆனால் பெரும்பாலும் மறந்துபோன விசாரணை ஒன்று கொழும்பில் நடந்தது. 1896 இல் பம்பாயில் பிளேக் வெடித்ததும் இலங்கை அரசு பதறியது. அடுத்த ஆண்டே, 1897 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது. அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்கள் தட்டப்பாறையிலும் பின்னர் மண்டபத்திலும் முகாம்களில் மறிக்கப்பட்டு, உடுதுணி வரை சோதிக்கப்பட்ட பிறகே கப்பலேற விடப்பட்டார்கள். இத்தனை காவலுக்கும் நடுவே 1914 இன் தொடக்கத்தில் பிளேக் கொழும்புக்குள் வந்துவிட்டது. புறக்கோட்டைப் பக்கத்து அரிசிக் கிட்டங்கிகளைச் சுற்றிய நெருக்கமான தெருக்களே அதிகம் அடிபட்டன. பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் அரிசி இறங்கிய இடம் அது. மூட்டை தூக்கியவர்களும், கிட்டங்கிக்கு மேல்மாடியிலும் பின்கட்டிலும் படுத்துறங்கியவர்களும் ஏழைகள். முகாமில் மறிக்கப்பட்ட கூலியாள் சுமந்து வராத நோயை மூட்டையோடு வந்த எலியும் தெள்ளும் கொண்டுவந்தன என்ற முடிவை எழுதும்போது, அந்த மனிதர்கள் மீது அன்று சுமத்தப்பட்ட சந்தேகத்தையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

கொழும்பு மாநகர சுகாதார வைத்திய அதிகாரி மார்ஷல் பிலிப்பும் நகர நுண்ணுயிரியலாளர் ஃபேபியன் ஹர்ஸ்டும் 1914 முதல் 1916 வரையிலான அந்தக் கொள்ளைநோயை விசாரித்து, அறிக்கையை 1917 இல் வெளியிட்டார்கள். ஹர்ஸ்டின் மனத்தில் அதற்கு முன்பே ஒரு கேள்வி இருந்தது. பிளேக் இந்தியாவில் இலட்சக்கணக்கில் மக்களைத் தின்றுகொண்டிருந்த ஆண்டுகளில் கொழும்பும் சென்னையும் ஏன் பெரும்பாலும் தப்பின? இரண்டும் துறைமுகங்கள், இரண்டிலும் எலி உண்டு, எலியில் தெள்ளும் உண்டு. அவர் தெள்ளுகளை நுண்காட்டியின் கீழ் வைத்தார். கொழும்பு எலிகளில் இருந்தவை பெரும்பாலும் அஸ்டியா என்ற இனம். பம்பாயில் மனிதரைக் கொன்றது அதன் ஒன்றுவிட்ட சகோதரம்போன்ற சியோபிஸ். கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். இரண்டு மூன்று மில்லிமீற்றர் நீளம், பழுப்பு நிறம். ஆனால் சியோபிஸ் பிளேக்கைக் கடத்துவதில் வல்லது. அஸ்டியா அதில் மிகவும் மந்தம்.

அப்படியானால் 1914 இல் ஏன் வந்தது? விடை கிட்டங்கிகளில் இருந்தது. நகரின் மற்றப் பகுதிகளில் அஸ்டியா ஆண்டுகொண்டிருக்க, தானியக் கிட்டங்கிகள் சூழ்ந்த பகுதியில் சியோபிஸ் குடியேறியிருந்தது. அதன் குடம்பிகள் தானியத் தூசியிலும் சாக்குத் தும்பிலும் செழித்து வளரும். கப்பலில் வந்த தெள்ளுக்குக் கிட்டங்கி வீடாகவே அமைந்துவிட்டது. பிளேக் அந்த எல்லைக்குள் ஆண்டுக்கணக்கில் வந்து வந்து போனது. நாடு முழுவதையும் விழுங்கவில்லை. 1938 க்குப் பிறகு இலங்கையில் பிளேக் இல்லை. ஹர்ஸ்ட் தம் வாழ்நாள் அனுபவத்தை 1953 இல் பிளேக்கை மனிதர் வென்ற வரலாறாகப் பெருநூலாக எழுதினார். ஒரு நகரத்தின் உயிரும் சாவும் பூச்சியொன்றின் இனத்தைப் பொறுத்திருந்தன என்பது இன்றைக்கும் வியப்பூட்டும் செய்தி. தெள்ளை எண்ணினால் போதாது, எந்தத் தெள்ளு என்றும் பார்க்க வேண்டும் என்ற பாடத்தை உலகம் கற்றதில் கொழும்புக்குப் பெரும் பங்குண்டு.

தெள்ளுதான் நடுவாள் என்பதற்கு மறுக்க முடியாத சாட்சியைப் பம்பாயில் 1905 முதல் வேலை செய்த பிளேக் ஆய்வுக் குழு தேடித் தந்தது. பிளேக் வந்த வீடுகளுக்குள் கினிப்பன்றிகளை அவிழ்த்துவிட்டார்கள். அவற்றின் மேல் தெள்ளுகள் ஏறின, கினிப்பன்றிகள் செத்தன. பிறகு கினிப்பன்றியைக் கூண்டில் வைத்துச் சுற்றிலும் பசை தடவிய தாள் விரித்தார்கள். தெள்ளுகள் பசையில் ஒட்டிக்கொண்டன. உள்ளே இருந்த பிராணி பிழைத்தது. நிலத்திலிருந்து இரண்டடி உயரத்தில் தொங்கவிட்ட கூண்டிலும் நோய் இல்லை. அந்தத் தெள்ளால் அவ்வளவு உயரம் பாய முடியாது. கட்டிலில் படுப்பவருக்கும் நிலத்தில் படுப்பவருக்கும் உள்ள வேறுபாட்டை இந்தக் கூண்டுகள் காட்டிக் கொடுத்தன. தமிழ்நாட்டு ஊர்களில் எலி செத்து விழுந்தால் சனம் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே குடிசை போட்டுத் தங்கியது. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் நிற்கின்றன. அம்மனை வேண்டியவர்களின் வழக்கத்தில் நல்ல அறிவும் இருந்தது: எலி செத்த வீட்டை விட்டு விலகு.

எலி டைபஸின் துப்பு வேறொரு நாட்டில், வேறொரு வழியில் கிடைத்தது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில், பேன் பரப்பும் டைபஸ் போன்ற காய்ச்சல் பேன் இல்லாதவர்களுக்கும் வந்துகொண்டிருந்தது. கென்னத் மாக்சி என்ற வைத்தியர் அலபாமா மாநிலத்து மொன்ட்கொமரி நகரின் வரைபடத்தில் நோயாளிகளின் வீடுகளைப் புள்ளியிட்டார். புள்ளிகள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடந்தன. அதே நோயாளிகள் வேலை செய்த இடங்களைக் குறித்தபோது அவை நகரின் கடைப்பகுதியில் போய்க் குவிந்தன: பலசரக்குக் கடை, தீவனக் கிட்டங்கி, சாப்பாட்டுக் கடை. எலியும் அதன் உடம்பில் இருக்கும் ஒட்டுண்ணியுமே காரணமாக இருக்க வேண்டும் என்று அவர் 1926 இல் எழுதினார். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு பால்ட்டிமோர் நகரில் எலித் தெள்ளிலிருந்தே கிருமி பிரித்தெடுக்கப்பட்டது. ஆய்வுகூடம் தொடாமலேயே, பென்சிலும் வரைபடமும் கொண்டு ஒருவர் எலியிடம் போய்ச் சேர்ந்தார் என்பதைத் தொற்றுநோயியல் மாணவர்களுக்கு இன்றும் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

இன்றைய இலங்கையில் விசாரணை ஒரு அட்டையில் தொடங்குகிறது. வைத்தியசாலை விடுதியில் டைபஸ் என்ற சந்தேகம் எழுந்ததும் எச் 544 அறிவித்தல் படிவம் நிரப்பப்பட்டு, நோயாளி வசிக்கும் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போகும். பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, சந்தேகமே போதும். அங்கிருந்து பொதுச் சுகாதார பரிசோதகர், சனம் சொல்வதுபோலச் சொன்னால் பீ.எச்.ஐ., வீட்டுக்கு வருவார். நல்ல பரிசோதகர் முதலில் கேட்பது காய்ச்சலைப் பற்றியதாக இராது. "வீட்டில எலி ஏதும் செத்து மணத்ததா அம்மா?" என்பார். கடந்த இரண்டு கிழமையில் எங்கே வேலை, எங்கே படுக்கை, பூனை நாய் உண்டா, சாக்கு அடுக்கிய அறை எது, கணுக்காலில் சொறி உண்டா, பக்கத்து வீட்டில் யாருக்கும் காய்ச்சலா என்று கேள்விகள் நீளும். பதில்களை வைத்து வீட்டுக்கு ஒரு புள்ளி, வேலைத்தலத்துக்கு ஒரு புள்ளி. மாக்சியின் பென்சிலுக்கு இன்னும் வேலை இருக்கிறது. சீனன்குடா போன்ற இடத்தில் வீடும் வேலையும் ஒரே சுற்றுவட்டத்துக்குள் இருப்பதால் இந்த இரண்டாம் புள்ளியை விட்டுவிட்டால் விசாரணை வழி தவறிவிடும்.

வாராந்தத் தொற்றுநோய் அறிக்கையில் டைபஸ் காய்ச்சல் ஒரே நிரலில் வருகிறது. சிற்றுண்ணி பரப்பியதும் உண்ணி பரப்பியதும் தெள்ளு பரப்பியதும் அந்த நிரலுக்குள் ஒன்றாகக் கலந்து கிடக்கும். இது பெரிய குறை. மூன்றுக்கும் மருந்து ஒன்றானாலும் தடுக்கும் வழி வெவ்வேறு. சிற்றுண்ணிக்குப் பற்றையை வெட்ட வேண்டும். தெள்ளுக்கு எலியையும் கிட்டங்கியையும் கவனிக்க வேண்டும். மலைநாட்டு நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்த பேராதனை ஆய்வாளர்கள் எலி டைபஸின் தடயத்தையும் கண்டிருக்கிறார்கள். ஆகவே எண்ணிக்கையைப் பார்த்து உடனே பற்றைக் காட்டுக்கு ஓடுவது சரியாகாது.

வீட்டு விசாரணைக்குப் பிறகு பொறி வைப்பது. அந்தி சாயக் கம்பிக்கூடுகளில் தேங்காய்ச் சொட்டோ கருவாடோ மாட்டிக் குசினியிலும் கூரையடியிலும் சாக்கறையிலும் வைப்பார்கள். விடிய முன் எடுப்பார்கள். வெயில் ஏறவிட்டால் எலி செத்து, தெள்ளு இறங்கி ஓடிவிடும். கூட்டை அப்படியே வெள்ளைத் துணிப்பைக்குள் இட்டுக் கட்டி, மயக்க மருந்து நனைத்த பஞ்சை உள்ளே போட்டால் எலியோடு தெள்ளும் சோர்ந்துவிடும். எலியை வெள்ளை எனாமல் தட்டில் கிடத்தி, வால் பக்கமிருந்து தலைநோக்கி மயிருக்கு எதிராகப் பேன்சீப்பால் வாருவார்கள். மிளகுத் தூள் சிந்தியதுபோலத் தட்டில் புள்ளிகள் விழும். பையின் தையல் மடிப்பையும் பிரித்துப் பார்ப்பது அனுபவசாலியின் பழக்கம். பாதித் தெள்ளு அங்கேதான் ஒளிந்திருக்கும். ஒவ்வோர் எலியின் தெள்ளும் தனிக் குப்பியில் மதுசாரத்துக்குள் போகும். குப்பியில் திகதி, வீடு, பொறி வைத்த மூலை, எலியின் இனம். இந்த நான்கில் ஒன்று விடுபட்டாலும் அந்தக் குப்பியால் பயனில்லை.

நுண்காட்டியில் முதற்கேள்வி, கன்னத்திலும் முதுகிலும் சீப்புப் பல் போன்ற கருமுட்கள் உண்டா என்பது. இருந்தால் பெரும்பாலும் பூனைத் தெள்ளு. இல்லாவிட்டால் சியோபிஸ், அஸ்டியா கூட்டம். பெண் தெள்ளின் விந்துப்பையின் வடிவத்தைக் கொண்டு அவற்றைப் பிரிப்பார்கள். பிறகு கணக்கு. 20 எலிகளில் 30 சியோபிஸ் கிடைத்தால் எலிக்கு 1.5. இந்தச் சுட்டெண் 1 ஐத் தாண்டினால் ஆபத்து என்பது பொதுவிதி. பூனைத் தெள்ளையும் அலட்சியப்படுத்தக் கூடாது. 2018 இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் மையப் பகுதியில் எலி டைபஸ் பரவியபோது எலிகளோடு தெருப்பூனைகளும் அவற்றின் தெள்ளும் விசாரணைக்குள் வந்தன.

நோயாளியின் பக்கம், ஆய்வுகூடத்துக்குப் பொறுமை தேவை. முதற்கிழமை இரத்தத்தில் எதிர்ப்பொருள் தெரியாமல் போகலாம். கொழும்பில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் இரண்டு மாதிரிகளை, இரண்டு மூன்று கிழமை இடைவெளியில் எடுத்து, எதிர்ப்பொருள் நான்கு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்த்தே உறுதி சொல்வார்கள். வைத்தியர் அதுவரை காத்திருப்பதில்லை. டெங்கு, எலிக்காய்ச்சல், டைபஸ் மூன்றும் முதல் நாட்களில் ஒன்றுபோலவே இருக்கும். டைபஸ் என்ற சந்தேகம் வந்ததும் டொக்சிசைக்கிளின் தொடங்குவார். காய்ச்சல் இரண்டு மூன்று நாளில் தணிவதே பல வேளைகளில் முதல் சாட்சி.

குடியிருப்பைச் சுத்தம் செய்வதில் வரிசை உயிரானது. முதலில் தெள்ளைக் கொல்ல வேண்டும். எலியை அதன் பிறகு. கோபத்தில் எலிக்கு நஞ்சு வைத்துவிட்டால் செத்த ஒவ்வோர் எலியிலிருந்தும் பசித்த தெள்ளுகள் படுக்கைக்கு இறங்கும். ஆகவே எலி வளைக்குள்ளும் அது ஓடும் சுவரோரத்திலும் பூச்சிகொல்லித் தூளை ஊதுவார்கள்; எலியே அதைத் தன் மயிரில் பூசிக்கொண்டு கூட்டுக்குக் கொண்டுபோகும். தெள்ளுச் சுட்டெண் விழுந்ததைப் பார்த்த பிறகே நஞ்சும் பொறியும். 1994 ஆகஸ்டில் மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்து மாம்லா கிராமத்தில் பிளேக் காய்ச்சல் தெரியவரும் முன்பே சனம் முறையிட்டது எலி சாவதையும் தெள்ளுத் தொல்லையையும் பற்றித்தான். அந்த முறைப்பாட்டை எழுதி எடுத்து அனுப்ப ஆள் இருந்தால் பிளேக்கைக்கூட நெறிகட்டும் முன்பே பிடிக்கலாம்.

வெப்பம் இந்தக் கணக்கில் இரண்டு விதமாக நிற்கிறது. 28 பாகை செல்சியசுக்கு மேல் போனால் பிளேக் கிருமியால் தெள்ளின் வயிற்றை நன்றாக அடைக்க முடிவதில்லை. திருகோணமலையின் வெயில் அந்த அளவில் காவல். எலி டைபஸுக்கு அடைப்பே வேண்டாம் என்பதால் அந்தக் காவல் அதற்குச் செல்லாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தெள்ளின் கூட்டுப்புழு கூட்டுக்குள் மாதக்கணக்கில் காத்திருக்கும். காலடி அதிர்வும் மூச்சுக் காற்றும் உடற்சூடும் பட்டதும் வெளியே பாயும். நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டுக்குத் திரும்பியவர்கள் கதவைத் திறந்த நிமிடமே கால் முழுக்கத் தெள்ளு ஏறியதாகச் சொல்வது பொய்யில்லை. இப்படிப்பட்ட வீட்டில் பிள்ளைகளைப் படுக்கவைக்கும் முன் தரையைக் கழுவி, மூலையில் சேர்ந்த தூசியைக் கூட்டி எரித்து, மருந்திட்டு, சில நாள் கட்டிலில் படுப்பது பாதுகாப்பு. சாக்குகளை நிலத்தில் அடுக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்கினால் எலியின் ஓட்டம் கண்ணில் படும்.

துறைமுகத்தில் வேலை கப்பலிலேயே தொடங்கிவிடுகிறது. கட்டுக்கயிற்றில் மாட்டும் வட்டத் தகடு எலி இறங்காமல் மறிக்கும். கப்பல் எலியும் பூச்சியும் இல்லாதது என்பதற்கான சுகாதாரச் சான்றிதழ் சர்வதேச சுகாதார விதிகளின்படி ஆறு மாதத்துக்கே செல்லும். கரையில் குடியிருப்பைச் சுத்தம் செய்து முடித்த பிறகும் அதே வீடுகளில், அதே மூலைகளில் மீண்டும் பொறி வைக்கப்படும். கிழமைக்குக் கிழமை தெள்ளு எண்ணப்பட்டு, சுட்டெண் 1 க்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றால்தான் பரிசோதகர் தமது பதிவேட்டில் அந்த இடத்தை மூடுவார்.